தடை ஓட்டக்காரர் ஏன் தாவுவதில்லை?

உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் தடை ஓட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். ஒரு மாணவன் ஒவ்வொரு தடையையும் மான்போல உயரத் தாவிக் கடக்கிறான். தடைக்கும் அவன் உடலுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி தெரிகிறது. கூட்டம் கை தட்டுகிறது. பக்கத்துத் தடத்தில் ஓடுபவனோ தாவுவதாகவே தெரியவில்லை. தடைகளை உரசிக்கொண்டு போகிறான். ஒன்றிரண்டை இடித்தும் விடுகிறான். ஆனால் முடிவுக் கோட்டை முதலில் கடப்பவன் அவன்தான். உயரத் தாவியவன் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருகிறான்.

"வேகமாக ஓடுபவன் வென்றான், இதில் என்ன அதிசயம்?" என்று நீங்கள் கேட்கலாம். அதே இருவரையும் தடையில்லாத 100 மீட்டர் ஓட்டத்தில் விட்டுப் பாருங்கள். ஒருவேளை தாவியவனே முந்திவிடக் கூடும். அப்படியானால் தடைக்கு மேலே ஏதோ ஒன்றை அவன் இழந்திருக்கிறான். அது என்ன? அதன் அளவு என்ன? உங்கள் இயற்பியல் பாடநூலில் உள்ள இரண்டு மூன்று சமன்பாடுகளே இதற்கு விடை தந்துவிடும். அந்த விடையைத் தேடிப் பின்லாந்து நாட்டு ஓட்டக்காரர் ஒருவரின் பின்னால் சற்றுத் தூரம் ஓடிப் பார்ப்போம்.

ஹெல்சிங்கியில் ஒரு மாலை

அவர் பெயர் ஆர்ட்டோ பிரிக்கரே. 1958ஆம் ஆண்டு பின்லாந்தின் கௌவோலா நகரில் பிறந்தவர். அந்நாடு நெடுந்தொலைவு ஓட்டத்துக்கும் ஈட்டி எறிதலுக்கும் பெயர் பெற்றது. பாவோ நூர்மி, லாசே விரென் ஆகிய நெடுந்தொலைவு வீரர்களின் பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஹெல்சிங்கி ஒலிம்பிக் விளையாட்டரங்கின் கோபுரம் 72.71 மீட்டர் உயரம் கொண்டது. 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் மட்டி யார்வினென் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தூரம் அது! ஈட்டி எறிதலை இப்படிக் கல்லில் நிறுத்தி வைத்த நாட்டில், குறுந்தொலைவுத் தடை ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தார் பிரிக்கரே. நீண்ட பனிக்காலம் உள்ள நாடாதலால், ஆண்டில் பல மாதங்கள் கூரையிட்ட மண்டபத்துக்குள்தான் அங்கே பயிற்சி செய்ய முடியும்.

1983ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அந்தக் கோபுரத்தின் அடியிலேயே முதலாவது உலகத் தடகளப் போட்டி நடைபெற்றது. 110 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்று. சொந்த நாட்டு மக்கள் சூழ்ந்திருக்க, 25 வயதான பிரிக்கரே ஓடினார். அமெரிக்காவின் கிரெக் பாஸ்டர் 13.42 வினாடியில் முதலில் வந்தார். பிரிக்கரே 13.46 வினாடியில் இரண்டாவதாக வந்தார். மற்றோர் அமெரிக்கரான வில்லி கால்ட் 13.48 வினாடியில் மூன்றாவது.

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே 0.04 வினாடி. இதைச் சொல்லும்போது நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. கண் இமைக்கவே இதைவிட அதிக நேரம் ஆகும். ஆகவே நேரத்தைத் தூரமாக மாற்றிப் பார்ப்போம். பிரிக்கரேயின் சராசரி வேகம் 110-ஐ 13.46ஆல் வகுக்கக் கிடைப்பது. அதாவது வினாடிக்கு 8.17 மீட்டர். 0.04 வினாடியில் அவர் கடக்கும் தூரம் 8.17 × 0.04 = 0.33 மீட்டர். அதாவது 33 சென்டிமீட்டர்!

உங்கள் மேசைமேல் கிடக்கும் அடிக்கோலை எடுத்துப் பாருங்கள். அதன் நீளம் 30 சென்டிமீட்டர். உலகின் முதல் தடை ஓட்டக்காரருக்கும் இரண்டாமவருக்கும் இடையே இருந்த தூரம் அந்த அடிக்கோலைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

வினாடியை நூறாக வெட்டுதல்

இவ்வளவு சிறிய நேரத்தை எப்படி அளக்கிறார்கள்? முன்பெல்லாம் நடுவர்கள் கையில் நிறுத்துக் கடிகாரம் வைத்திருந்தார்கள். துப்பாக்கிப் புகையைக் கண்டதும் ஓர் அழுத்தம். ஓட்டக்காரர் கோட்டைத் தொட்டதும் இன்னோர் அழுத்தம். 1931ஆம் ஆண்டு பின்லாந்தின் பெங்ட் ஷோஸ்டெட் இதே ஓட்டத்தில் அன்றைய உலகச் சாதனையைச் சமன் செய்தபோது பதிவான நேரம் 14.4 வினாடி. புள்ளிக்குப் பின் ஒரே ஓர் இலக்கம். அதற்குமேல் கைக் கடிகாரத்தை நம்ப முடியாது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அழுத்துவதற்குள்ளேயே வினாடியின் பத்தில் இரண்டு பங்கு போய்விடுகிறதே!

மின்முறைக் கடிகாரம் இக்குறையைப் போக்கியது. துப்பாக்கி வெடிக்கும் கணத்திலேயே கடிகாரம் தானாக ஓடத் தொடங்குகிறது. முடிவுக் கோட்டில் ஒரு விந்தையான காமிரா நிற்கிறது. சாதாரணக் காமிரா ஒரு பெரிய இடத்தை ஒரு கணத்தில் படம் பிடிக்கும். இதுவோ ஒரு மெல்லிய பிளவின் வழியாக முடிவுக் கோட்டை மட்டுமே பார்க்கிறது. ஆனால் இடைவிடாமல் பார்க்கிறது. பிளவுக்குப் பின்னால் படச்சுருள் நகர்ந்துகொண்டே இருக்கும். இக்காலத்தில் சுருளுக்குப் பதில் மின்னணு உணரிகள் உள்ளன. இவ்வாறு கிடைக்கும் படத்தில் இடமிருந்து வலமாக இருப்பது தூரமன்று, நேரம். எந்த வீரரின் உடல் எந்த நேரத்தில் கோட்டைத் தொட்டது என்பதை அதிலிருந்து நூற்றில் ஒரு பங்கு வினாடி வரை படித்துவிடலாம். கையோ காலோ தலையோ முந்தினால் போதாது. உடலின் நடுப்பகுதி கோட்டை அடைய வேண்டும்.

இந்தக் கருவியின் அருமையைப் பிரிக்கரே இருபதாம் வயதிலேயே கண்டவர். 1978ஆம் ஆண்டு பிராக் நகரில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில், கிழக்கு ஜெர்மனியின் தாமஸ் முன்கெல்ட் 13.54, போலந்தின் யான் புஸ்டி 13.55, பிரிக்கரே 13.56. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் 0.02 வினாடிக்குள் அடங்கிவிட்டன. மேலே செய்ததுபோலக் கணக்கிட்டால், முதல்வருக்கும் மூன்றாமவருக்கும் இடையே ஏறத்தாழ 16 சென்டிமீட்டர்தான். கைக் கடிகாரத்தில் கிடைத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தி எழுதுவது வழக்கம். அம்முறையில் எழுதியிருந்தால் மூவருக்கும் 13.6 என்ற ஒரே எண்தான் கிடைத்திருக்கும்.

தொடக்கத்திலும் இயற்பியல் குறுக்கிடுகிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. தடம் ஒன்றின் அகலம் 1.22 மீட்டர். முதல் தடத்தின் பக்கத்தில் துப்பாக்கி வெடித்தால், எட்டாம் தடத்தில் உள்ளவருக்கு அவ்வொலி முதல் தடத்தவரைவிட 0.025 வினாடி தாமதமாகவே எட்டும். பிராக்கில் மூன்று பதக்கங்களையும் பிரித்த நேரத்தைவிட இது அதிகம்! அதனால்தான் பெரும் போட்டிகளில் ஒவ்வொரு வீரரின் பின்னாலும் ஓர் ஒலிபெருக்கியை வைத்து, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒலி கேட்கும்படி செய்கிறார்கள்.

பத்துத் தடைகளின் கணக்கு

இப்போது ஓடுபாதைக்கு வருவோம். ஆடவர் 110 மீட்டர் ஓட்டத்தில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றின் உயரமும் 1.067 மீட்டர். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடை 13.72 மீட்டரில் உள்ளது. அதன்பின் தடைக்குத் தடை 9.14 மீட்டர். கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோடு 14.02 மீட்டர். இந்த எண்கள் ஏன் இப்படி முழுமையின்றி இருக்கின்றன? இவ்வோட்டம் இங்கிலாந்தில் அடி, கெஜக் கணக்கில் பிறந்தது. 9.14 மீட்டர் என்பது பத்துக் கெஜம், 1.067 மீட்டர் என்பது மூன்றரை அடி.

முதல் தடைக்கு முன் எட்டு அடிகள் வைத்து ஓடுவது பிரிக்கரேயின் காலத்தில் வழக்கமாக இருந்தது. இன்று முன்னணி வீரர்களில் பலர் ஏழு அடிகள் வைக்கிறார்கள். இரண்டு தடைகளுக்கு இடையே எல்லாரும் மூன்றே அடிகள்தான் வைக்கிறார்கள். நான்கு வைத்தால் ஒவ்வொரு தடைக்கும் கால் மாற்ற வேண்டியிருக்கும்; ஐந்து வைத்தால் அடிகள் குறுகி வேகம் போய்விடும். ஆகவே வீரர் தம் விருப்பப்படி நீண்ட அடி வைக்க முடியாது. பாதை அவருக்கு ஒரு தாளத்தை விதித்துவிடுகிறது. மூன்று அடி, ஒரு தடை. மூன்று அடி, ஒரு தடை. உலகத் தரத்தில் இந்தத் தாளத்தின் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு வினாடி.

தேர்ந்த வீரர் தடைக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் முன்னாலேயே தரையை உதைத்து எழும்புகிறார். தடைக்கு அப்பால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தள்ளி இறங்குகிறார். அவர் காற்றில் இருக்கும் நேரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு வினாடி. பத்துத் தடைகளுக்கும் சேர்த்தால் மூன்று வினாடிக்கு மேல் வருகிறது. பந்தயம் முழுவதுமே பதின்மூன்றரை வினாடிதானே! ஆகவே ஓட்டத்தின் தலைவிதியில் பெரும்பங்கு இந்த மூன்று வினாடிகளுக்குள் இருக்கிறது.

இரண்டு சென்டிமீட்டரின் விலை

எழும்பும் வீரரின் கையும் காலும் எப்படி வேண்டுமானாலும் அசையலாம். ஆனால் அவர் உடலின் ஈர்ப்பு மையம் எறியப்பட்ட பந்தைப் போலவே செல்லும். தரையைவிட்டுக் கால் எடுத்த கணத்தில் அதன் பாதை முடிவாகிவிடுகிறது. அந்தரத்தில் எந்த வித்தை செய்தாலும் அப்பாதையை மாற்ற முடியாது.

ஈர்ப்பு மையம் மேலே எழும் உயரத்தை h என்போம். அந்த உயரத்தை எட்ட ஆகும் நேரம், அதே உயரத்திலிருந்து கீழே விழ ஆகும் நேரத்துக்குச் சமம். h என்பது ½ g t² என்ற சமன்பாட்டை நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஆகவே t என்பது 2h-ஐ g-ஆல் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலம்.

ஒரு வீரர் தம் ஈர்ப்பு மையத்தை 20 சென்டிமீட்டர் உயர்த்துகிறார் என்று கொள்வோம். 2 × 0.20-ஐ 9.8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.202 வினாடி. இன்னொருவர் 22 சென்டிமீட்டர் உயர்த்துகிறார். அவருக்கு 0.212 வினாடி. மேலே செல்வதில் நூற்றில் ஒரு பங்கு வினாடி அதிகம். கீழே வருவதிலும் ஏறத்தாழ அவ்வளவே அதிகம். ஆக, ஒரு தடைக்கு 0.02 வினாடி. பத்துத் தடைகளுக்கு 0.20 வினாடி!

ஏறுவதும் இறங்குவதும் சமமானால் 20 சென்டிமீட்டருக்கு 0.40 வினாடி ஆகுமே, மேலே மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னது எப்படி என்று உங்களில் கூர்மையானவர்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. தேர்ந்த வீரர் முழு உயரமும் கீழே விழுவதில்லை. முன்காலை நேராக நீட்டி, உள்ளங்காலின் முன்பகுதியால் தரையைத் தொடுகிறார். அப்போது அவர் உடல் இன்னும் உயரத்திலேயே இருக்கிறது. எழும்பும்போது இருந்ததைவிட இறங்கும்போது ஈர்ப்பு மையம் சற்று மேலே இருப்பதால், இறங்கும் நேரம் குறைகிறது.

இப்போது ஹெல்சிங்கிக்குத் திரும்புங்கள். அங்கே இடைவெளி 0.04 வினாடி. ஒவ்வொரு தடையிலும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக எழுந்தால், காற்றில் கழியும் கூடுதல் நேரம் 0.20 வினாடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வீணாகப் போனால்கூட அது 0.04 வினாடி ஆகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் என்பது உங்கள் கட்டைவிரலின் அகலம். தங்கத்தின் விலை அவ்வளவுதான்!

காற்றில் கழியும் நேரம் ஏன் நட்டம்?

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். காற்றில் இருக்கும்போதும் வீரர் முன்னோக்கிச் சென்றுகொண்டுதானே இருக்கிறார்? கிடைத்தள வேகத்தைப் புவியீர்ப்பு குறைப்பதில்லை என்று நாம் படித்திருக்கிறோம். அப்படியிருக்க, அதிக நேரம் காற்றில் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, நியூட்டனின் மூன்றாம் விதி. நாம் ஓடுவது தரையைப் பின்னோக்கி உதைப்பதால். தரை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. காற்றில் உதைக்க எதுவும் இல்லை. அங்கே வேகத்தைக் கூட்டவே முடியாது. காற்றின் தடையால் சிறிது இழக்க மட்டுமே முடியும்.

இரண்டாவது, எழும்புவதற்குக் கொடுக்கும் விலை. உயரமாகத் தாவ விரும்புபவர் கடைசி அடியைச் சற்று நீட்டி, காலைத் தம் உடலுக்கு முன்னால் ஊன்றுகிறார். அந்த ஊன்றல் ஒரு தடுப்பைப் போல் செயல்பட்டு முன்னோக்கிய வேகத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. உயரம் தாண்டுபவருக்கு இது தேவை. தடை ஓட்டக்காரருக்கு இது நட்டம்.

மூன்றாவது, இறங்கும் இடம். அதிக நேரம் காற்றில் இருந்தவர் தடையிலிருந்து தள்ளி இறங்குகிறார். அதிக வேகத்துடன் கீழே விழுவதால் முழங்கால் மடங்குகிறது. அதை நிமிர்த்திக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் அடுத்த தடை வந்துவிடுகிறது. மூன்று அடிக்கான இடம் குறுகித் தாளம் கெடுகிறது. ஒரு தடையில் கெட்ட தாளம் அடுத்த தடைக்கும் தொடர்கிறது. பத்தாவது தடையில் தடுமாறும் வீரரின் தவறு ஐந்தாவது தடையிலேயே தொடங்கியிருக்கலாம்.

இப்போது பள்ளி மைதானத்துக் காட்சி விளங்குகிறதல்லவா? மான்போலத் தாவியவன் பார்வைக்கு அழகாக இருந்தான். ஆனால் ஒவ்வொரு தடையிலும் தரையை உதைக்கும் வாய்ப்பைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

உடலை மடிக்கும் கலை

தடையின் உயரமோ 1.067 மீட்டர். நிமிர்ந்து நிற்கும் ஆடவரின் ஈர்ப்பு மையம் அவர் உயரத்தில் ஏறத்தாழ 55 விழுக்காட்டில் இருக்கும். 1.85 மீட்டர் உயரமுள்ளவருக்கு அது தரையிலிருந்து 1.02 மீட்டர். ஆகவே தடைக்கு மேலே ஈர்ப்பு மையத்தைக் கொண்டுசெல்வது பெரிய வேலையன்று. தொடையும் இடுப்பும் தட்டாமல் கடப்பதுதான் வேலை. உயரமான வீரர்களுக்கு இதில் இயல்பாகவே ஓர் ஆதாயம் உண்டு.

வீரர் ஒரு காலை முன்னே வீசுகிறார். அதே கணத்தில் மார்பு தொடையைத் தொடும் அளவுக்கு முன்னால் குனிகிறார். எதிர்ப்புறக் கை முன்னே பாய்கிறது. பின்கால் பக்கவாட்டில் மடிந்து, முழங்காலும் பாதமும் வெளிப்புறமாகத் திரும்பியபடி தடையைக் கடக்கிறது. இது வெறும் அழகுக்காகச் செய்வதன்று. காற்றில் மிதக்கும் உடலின் மொத்தக் கோண உந்தம் மாறாது. ஆகவே முன்கால் மேல்நோக்கிச் சுழன்றால், அதை ஈடுசெய்ய உடலின் வேறொரு பகுதி எதிர்ப்பக்கமாகச் சுழன்றே ஆக வேண்டும். மார்பு குனிவதும் கை பாய்வதும் அந்த ஈடுதான்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். தடையின்றிச் சுழலும் நாற்காலி ஒன்றில் அமர்ந்து, கால்களைத் தரையில் படாமல் தூக்கிக்கொள்ளுங்கள். இரு கைகளையும் நீட்டி வலப்பக்கம் சட்டென்று வீசுங்கள். நாற்காலி இடப்பக்கம் திரும்பும். கைகள் பெற்ற சுழற்சிக்கு உடல் ஈடுசெய்துவிட்டது. தடைக்கு மேலே நடப்பதும் இதுவே.

தடையை இடித்தால் என்ன ஆகும்? தவறி இடித்துவிட்டதற்காக மட்டும் வீரரை விலக்குவதில்லை. 1930களின் நடுப்பகுதி வரை தடைகள் தலைகீழான T எழுத்தைப் போன்ற அடியுடன் இருந்தன. இடித்தால் எளிதில் விழாமல் வீரரையே வீழ்த்திவிடும். பிறகுதான் L வடிவத் தடை வந்தது. அதன் அடிக்கட்டைகள் ஓடிவருபவரின் பக்கமாக நீண்டிருப்பதால், மேல்சட்டத்தில் முன்னோக்கி இடித்தால் அது முன்புறமாகச் சாய்ந்து வழிவிடும். ஏறத்தாழ நான்கு கிலோகிராம் எடைக்குச் சமமான விசை போதும். ஆனால் அந்த விசையும் இலவசமன்று. தடை பெற்ற உந்தம் வீரரிடமிருந்து போனதே. மெல்ல உரசினால் நட்டம் சிறிது. முழங்காலால் மோதினால் தாளமே போய்விடும். உரசுமளவுக்குத் தாழ்வாகவும், மோதாத அளவுக்கு உயரமாகவும் போக வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள சில சென்டிமீட்டர்களில்தான் ஒரு தடை ஓட்டக்காரரின் வாழ்நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது.

ஒரு வாழ்வின் அளவுகள்

பிரிக்கரேயின் உழைப்பை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் அவர் ஆறாவதாக வந்தார், நேரம் 13.76. வென்ற முன்கெல்ட்டுக்கு 13.39. இடைவெளி ஏறத்தாழ மூன்று மீட்டர். பலர் அத்துடன் சோர்ந்துவிடுவார்கள். 1982இல் ஏதென்ஸ் நகரில் அவருக்கு ஐரோப்பிய வெண்கலம். 1983இல் ஹெல்சிங்கியில் உலக வெள்ளி. 1984இல் லாஸ் ஏஞ்செல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கர்களான ரோஜர் கிங்டம் 13.20, கிரெக் பாஸ்டர் 13.23, அடுத்து 13.40 வினாடியில் பிரிக்கரே. வெண்கலம் அவருக்கு. நான்காவதாக வந்த கனடாவின் மார்க் மெக்காய் 13.45. பதக்கத்துக்கும் வெறுங்கைக்கும் இடையே இருந்தது 41 சென்டிமீட்டர். 1986இல் ஸ்டுட்கார்ட் நகரில் பிரான்சின் ஸ்தெபான் காரிஸ்தானுக்கு அடுத்தபடியாக ஐரோப்பிய வெள்ளி.

கூரையின்கீழ் நடக்கும் ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டிகளில் 1981இலும் 1987இலும் அவர் தங்கம் வென்றார். ஆனால் ஒலிம்பிக், உலகப் போட்டி, திறந்தவெளி ஐரோப்பியப் போட்டி ஆகிய மூன்றிலும் பதக்கம் பெற்ற அவருக்கு, அவற்றில் ஒன்றிலும் தங்கம் கிட்டவில்லை. எனினும் 1984இல் அவர் ஓடிய 13.35 வினாடி, 2021ஆம் ஆண்டு எல்மோ லாக்கா 13.31 வினாடியில் ஓடும் வரை, 37 ஆண்டுகள் பின்லாந்தின் சாதனையாக நின்றது. பிற்காலத்தில் பிரிக்கரே தம் நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

37 ஆண்டுகளில் குறைந்தது 0.04 வினாடி! உலகச் சாதனையின் கதையும் இப்படித்தான். 1981ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரெனால்டோ நெஹமையா 12.93 வினாடியில் ஓடி, 13 வினாடிக்குள் ஓடிய முதல் மனிதரானார். 2012ஆம் ஆண்டு ஏரிஸ் மெரிட் 12.80 வினாடியில் ஓடினார். முதல் தடைக்கு முன் வைக்கும் அடிகளை எட்டிலிருந்து ஏழாகக் குறைத்துக்கொண்ட பிறகு அவர் அடைந்த வேகம் அது. 31 ஆண்டுகளில் குறைந்தது 0.13 வினாடி. புவியீர்ப்பு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. G-யின் மதிப்பை எந்தப் பயிற்சியாளராலும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது h ஒன்றுதான்.

ஆகவே இனிமேல் "இரண்டாவதாக வந்தான்" என்று ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டால், உடனே "எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரிசை எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று சமமாகத் தாவுகிறது. இயற்கையின் அளவுகள் அப்படித் தாவுவதில்லை. பிராக்கில் முதலுக்கும் மூன்றுக்கும் இடையே 16 சென்டிமீட்டர். லாஸ் ஏஞ்செல்ஸில் 1.6 மீட்டர். இரண்டு இடத்திலும் கிடைத்தது அதே வெண்கலம்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

சுவர் ஓரமாக நின்று, கையை உயர்த்தி, விரல் எட்டும் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இடுங்கள். பிறகு நின்ற இடத்திலிருந்தே குதித்து, எட்டும் உயரத்தில் இன்னொரு கோடு இடுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரமே ஏறத்தாழ உங்கள் h. 10 சென்டிமீட்டர் எழுந்தால் காற்றில் இருக்கும் நேரம் 0.29 வினாடி, 20-க்கு 0.40, 30-க்கு 0.49, 40-க்கு 0.57. உயரம் நான்கு மடங்கானால் நேரம் இரு மடங்காவதைக் கவனியுங்கள். உங்கள் வகுப்பில் அனைவரின் அளவையும் எடுத்து, h-ஐயும் நேரத்தையும் வரைபடத் தாளில் குறித்தால் ஓர் அழகான வளைகோடு கிடைக்கும்.

கடைசியாக ஒரு கணக்கு. பிரிக்கரே வெண்கலம் பெற்ற அதே லாஸ் ஏஞ்செல்ஸ் ஒலிம்பிக்கில், மகளிர் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் நாட்டின் பி.டி. உஷா 55.42 வினாடியில் நான்காவதாக வந்தார். மூன்றாம் இடம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 வினாடி. உஷாவுக்கும் வெண்கலப் பதக்கத்துக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருந்தது? இக்கட்டுரையில் செய்ததுபோலவே கணக்கிடுங்கள். கிடைக்கும் விடையை அடிக்கோலில் விரல் வைத்துப் பாருங்கள்.